காரிடாரில் எதையும் வைக்காதீர்கள்

ஜூன் 3, திங்கள்

கம்பெனி கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எங்கள் மோட்டார் பம்பு ஒன்று தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஐந்து மாதம் மேசையில் சும்மா கிடந்ததை இன்றுதான் எடுத்தேன். இனிமேல் நடப்பதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எம்.டி. கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். செப்டம்பர் கடைசியில் ஜெனரல் மேனேஜர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி பர்சனல் மேனேஜர் ரேணுகாதேவிக்கு, அதாவது எனக்கு, வரலாம். வரும் என்று அவர் சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. பதினெட்டு வருஷ சர்வீஸ். எனக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, கணபதி ஏரியாவில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது, அது தூங்குகிற இடம். நான் இருப்பது இந்தக் கம்பெனியில்தான்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. எங்கள் பம்புகளை வாங்குகிற ஜெர்மனி பையர், மாற்றுத்திறனாளிகளைப் பற்றி உங்கள் ஊழியர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி கொடுத்த சான்றிதழ் உண்டா என்று கேட்டிருக்கிறாராம்.

"நீங்களே முன்ன நின்னு பண்ணிக் குடுத்துருங்க, ரேணுகா. அப்பறம் மத்ததப் பேசிக்கலாம். ஆமா, நம்மகிட்ட அந்த மாதிரி ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ரெண்டு பேர் இருக்காங்க சார். ஸ்டோர்ஸ்ல சின்னராசு, கால் கொஞ்சம் சாய்ச்சு நடப்பார். போன் போர்டுல கிருபாகரன்."

"அட, ஆமா. கிருபா."

பதினோரு வருஷமாகத் தினம் பத்து தடவை "சார், லைன்ல இருங்க" என்று சொல்பவனை அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஜூன் 5, புதன்

கிருபாகரனைப் பற்றி எழுதிவிடுகிறேன், இந்தப் பயிற்சிக்கு அவன்தான் மாப்பிள்ளை. பிறவியிலேயே பார்வை கிடையாது. முப்பத்தாறு வயது. பெண்டாட்டிக்கும் பார்வை இல்லை. மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பெண் குழந்தை. கம்பெனிக்கு நடந்தே வர வேண்டும் என்று பக்கத்துச் சந்திலேயே குடியிருக்கிறான்.

தினமும் எட்டரை மணிக்கு வெள்ளைக்கோலைத் தட்டிக்கொண்டு ரிசப்ஷனிலிருந்து என் அறைவரை ஒரு நடை, திரும்பவும் ஒரு நடை. தரையில் வாளியோ நாற்காலியோ பெட்டியோ தட்டுப்பட்டால் துப்புரவு வேலை பார்க்கும் துளசியம்மாவைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வான். அவன் வந்த வருஷம் சுவரில் ஒட்டிய அறிவிப்பு இன்னும் இருக்கிறது: காரிடாரில் எதையும் வைக்காதீர்கள். மகாராஜா பவனி வருகிறார், வழி விடுங்கள். ஒரு ஆளுக்காக அறுபது பேர் ஒழுங்காக இருக்க வேண்டியிருக்கிறது.

துளசியம்மா டீயை நேரே நீட்டாமல் பக்கவாட்டில் நீட்டினாள். கை பட்டு ஃபைல் மேல் கொட்டியது. நன்றாகத் திட்டினேன்.

ஜூன் 11, செவ்வாய்

மைதிலி என் அசிஸ்டென்ட். இருபத்தாறு வயது. எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

"மேடம், நேத்து கேட் வாசல்ல உங்களுக்குக் குட் மார்னிங் சொன்னேன். பக்கத்துலயேதான் நின்னேன். நீங்க பாக்கவே இல்லீங்க."

"பாத்தேன். பதில் சொல்லோணும்னு சட்டமா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத் திமிர் என்று கம்பெனி பூராவும் பேச்சு. பேசட்டும். மழைக்குக் குடை மாதிரி எனக்கு அந்தப் பெயர். அதற்குள் நான் நனையாமல் நிற்கிறேன்.

ஸ்கூட்டரை ஏன் விற்றீர்கள் என்று இன்றும் ஒருத்தர் கேட்டார். அவினாசி ரோட்டில் மனுஷன் ஓட்ட முடியுமா? ஆட்டோவில் வருகிறேன். மாலை ஐந்தே காலுக்குக் கிளம்பிவிடுவேன். இருட்டுகிற நேரத்தில் மீட்டிங் வைக்கிற வழக்கம் என்னிடம் இல்லை.

ஜூன் 15, சனி

கண்ணாடி மாற்றலாம் என்று ஆர்.எஸ். புரம் கண் டாக்டரிடம் போனேன். மாற்றவில்லை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நிறைய நேரம் பொட்டே போடாமல் என்னைச் சோதித்தார்கள் என்று நினைக்கிறேன். டாக்டர் போன வருஷம் பாடிய அதே பாட்டைப் பாடினார். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார். நான் என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?

ஜூன் 21, வெள்ளி

பயிற்சி முடிந்தது. பெரிய வெற்றி.

பெங்களூரிலிருந்து பிரீத்தா என்று ஒருத்தி வந்தாள். மாற்றுத்திறனாளிகளுக்காகவே பிறந்தவள் போலப் பேச்சு. அவளுக்குக் கை, கால், கண், காது எல்லாம் நன்றாக இருக்கின்றன. கிருபாகரனை மேடையில் உட்காரவைத்து மடியில் ஒரு பூச்செண்டைக் கொடுத்தோம். நடுவில் "நான் ரெண்டு வார்த்தை பேசலாமுங்களா?" என்று கேட்டான். "டைம் இருந்தா கண்டிப்பா" என்றாள் பிரீத்தா. டைம் இல்லை. மூன்று மணி நேரமும் பூச்செண்டோடு உட்கார்ந்திருந்தான். போட்டோவில் நன்றாக விழுந்திருக்கிறான்.

பாடம் சின்னதுதான். பார்வையில்லாதவரிடம் போனால் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கையைக் கொடுங்கள். அரை அடி முன்னால் நடங்கள். படி வந்தால் முன்கூட்டியே எத்தனை என்று சொல்லுங்கள். 'பாவம்' என்று சொல்லாதீர்கள். எல்லோரும் ஜோடி ஜோடியாக நின்று ஒப்பித்தார்கள். மைதிலி சிரித்துச் சிரித்துப் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு போட்டி. கண்ணைக் கட்டிக்கொண்டு ரிசப்ஷனிலிருந்து காரிடார் வழியாக என் அறைவரை தனியாக நடக்க வேண்டும். குறைந்த நேரத்தில் வருபவருக்கு ஹாட்பாக்ஸ். பர்சேஸ் மேனேஜர் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டார். அக்கவுன்ட்ஸில் ஒருத்தி பாதியில் நின்று அம்மா என்று கத்தினாள். ஒரே சிரிப்பும் கைதட்டலும். நான் விலகித்தான் நின்றேன். மைதிலிதான் "மேடம் வரமாட்டாங்க, விழுந்துட்டா மரியாத போயிருமில்ல?" என்று பின்னாலிருந்து யாரிடமோ சொன்னாள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கட்டச் சொன்னேன். நடந்தேன். இருபத்தேழாவது அடியில் வலது பக்கம் திரும்பி, இன்னும் பதினான்கு அடி, கதவுப் பிடி. முப்பத்தாறு விநாடி. சுவரில் இடிக்கவில்லை, தடுமாறவில்லை. கட்டை அவிழ்த்தபோது ஒரு நொடி யாரும் கைதட்டவில்லை. அப்புறம் பலமாகத் தட்டினார்கள். எம்.டி., "இதுதான் தன்னம்பிக்கை" என்றார். ஹாட்பாக்ஸ் பச்சை நிறம்.

ஜூன் 22, சனி

பயிற்சி அறிக்கைக்கு எல்லோருக்கும் மதிப்பெண் போட்டேன். மைதிலிக்குப் பத்துக்கு மூன்று. கவனக்குறைவு, பொறுப்பின்மை.

ஜூன் 24, திங்கள்

கிருபாகரன் என் அறைக்கு வந்தான். உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினான். நான் சாத்தச் சொல்லவில்லை.

"வெள்ளிக்கிழம நீங்க ஜெயிச்சது எனக்கு ரொம்பச் சந்தோசமுங்க, மேடம்."

"தேங்க்ஸ்."

"இருபத்தேழு எண்ணிட்டு வலது கைய சொவத்து முனைல லேசா வெச்சீங்க, வளையல் சத்தம் கேட்டுச்சுங்க. நானும் அங்கயேதானுங்க வெப்பேன். எனக்கு முப்பத்தொண்ணு ஆகும், கால் கொஞ்சம் குட்டை."

பேனாவை மூடி வைத்தேன்.

"பதினோரு வருசமா எல்லாரு காலடியும் எனக்குத் தெரியுமுங்க. கண்ணக் கட்டுனதும் ஒவ்வொருத்தரு நடையும் மாறிப் போச்சு. உங்க நடை மட்டும் மாறவே இல்லீங்க. தெனமும் எப்படி வருவீங்களோ அப்படியேதான் வந்தீங்க. போன தீவாளிலருந்தே நீங்க எண்ணித்தான் நடக்கறீங்க."

"என்ன சொல்ல வர்றீங்க?"

"யாருகிட்டயும் சொல்லமாட்டேனுங்க. எங்க ஸ்கூல்ல படிச்ச ஒருத்தர் கோல் புடிச்சு நடக்கச் சொல்லித் தர்றார். வீட்டுக்கே வருவார். இப்பவே பழகீட்டா பின்னால பயம் இருக்காதுங்க. கண்ணக் கட்டி உட்டா பயம்தான் தெரியும், பழக்கம் தெரியாது. அதத்தான் அன்னிக்கு மேடைல சொல்லலாம்னு இருந்தேன்."

அவன் முகத்தில் ஒரு மலர்ச்சி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால் வருமே, அது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் அவன் ஊர் இல்லை.

"உங்க வேலை போன் எடுக்கறது, கிருபாகரன். போய் எடுங்க" என்றேன்.

"சரிங்க மேடம்" என்று கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனான்.

அப்பாவுக்கு ஐம்பது வயதில் பார்வை முழுக்கப் போயிற்று. மில்லில் கிளார்க்காக இருந்தவர். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் சமையல்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. வருகிறவர்கள் எல்லோரும் அவர் காதுபடவே பாவம் என்பார்கள். எனக்குக் கல்லூரித் தோழிகள் வந்தால் நாற்காலியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவேன். அவரும் சத்தம் போடாமல் இருப்பார். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது.

ஜூன் 26, புதன்

என் விஷயம் தெரிந்தவன் ஒருத்தன். அவனுக்கு இருப்பது ஒரு வாய். அந்த வாய் நாள் பூராவும் கம்பெனியின் எல்லா லைனிலும் இருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

பயிற்சி அறிக்கையோடு ஒரு பக்கம் சேர்த்து எம்.டி.யிடம் கொடுத்தேன். பிரீத்தா கற்றுக்கொடுத்த வார்த்தைகளெல்லாம் நன்றாகவே கைகொடுத்தன. இந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் நம் ஊழியர் ஒருவர் தினமும் எவ்வளவு ஆபத்துக்கிடையில் நடமாடுகிறார் என்பது நமக்கு உறைத்தது. கேன்டீனுக்குப் போகும் வழியில் ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது. அவரை இனியும் இந்த இடர்ப்பாட்டில் விடுவது மனிதநேயம் ஆகாது. போனுக்கு இப்போது தானாகப் பேசும் மெஷின் வந்துவிட்டது.

எம்.டி. இரண்டு தடவை படித்தார்.

"மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சேஃப்டின்னா சேஃப்டிதான். அவர ஒருத்தரக் குறிச்சுப் போட்டா கேஸ் கீஸுன்னு வந்து நிக்கும். எல்லாருக்கும் பொதுவா ஒரு ரூல் எழுதுங்க."

"சான்றிதழுக்கு?"

"அதுக்குத்தான் சின்னராசு இருக்காரே."

சின்னராசுவுக்குப் பார்வை நன்றாக இருக்கிறது.

மத்தியானமே எழுதி முடித்தேன்: "பார்வைக் குறைபாட்டால் பணியிடத்தில் பிறர் உதவியின்றிப் பாதுகாப்பாக நடமாட இயலாத ஊழியர் எவரும், பதவி வேறுபாடின்றி, அவரது பாதுகாப்பு கருதிப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்." 'எவரும்' என்ற இடத்தில் வாக்கியம் கம்பீரமாக நின்றது. 'பதவி வேறுபாடின்றி' எம்.டி. சேர்க்கச் சொன்னது. நியாயமாகத் தெரிய வேண்டுமாம்.

ஜூலை 9, செவ்வாய்

போன் மெஷின் வந்தது. யார் குரலில் பதிவது என்று பேச்சு வந்தபோது, "மேடம் குரல் டிவி நியூஸ் மாதிரி இருக்கும்" என்றாள் மைதிலி. வாஸ்தவம். மூன்றாவது தடவையில் சரியாக வந்தது: "வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. விற்பனைக்கு ஒன்றை அழுத்தவும். சர்வீஸுக்கு இரண்டை அழுத்தவும். மற்ற விவரங்களுக்குத் தயவுசெய்து காத்திருக்கவும்."

கிருபாகரன் தன் போர்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜூலை 12, வெள்ளி

கடிதத்தைக் கொடுத்தேன். அவனால் படிக்க முடியாதே, மைதிலியை விட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் நடுவில் இரண்டு முறை நிறுத்தினாள். தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் படித்தாள்.

"எவரும்னு போட்டிருக்கீங்க, மேடம்" என்றான்.

"ஆமா. பொது விதி."

"சரிங்க."

வேறொன்றும் கேட்கவில்லை. கெஞ்சுவான் என்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். எல்லாம் வீணாயிற்று.

ஜூலை 31, புதன்

கிருபாகரனுக்குக் கடைசி நாள். கேன்டீனில் கேசரி போட்டார்கள். மைதிலி அழுதாள். நான் சால்வை போட்டேன், போட்டோ எடுத்தார்கள். கூட்டம் கலைந்ததும் கோலைத் தட்டிக்கொண்டு என் பக்கமாக வந்தான்.

"காரிடாரப் பாத்துக்கங்க, மேடம்."

போகிற நேரத்திலும் எவ்வளவு குசும்பு. மிரட்டுகிறான் என்று நினைத்தேன். நிம்மதி. இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மெஷினில் யாருக்கும் லைன் கிடைப்பதில்லை என்று டீலர்கள் புகார். பழகிவிடும்.

துளசியம்மா காலை எட்டரைக்குக் கையில் ஒன்றுமில்லாமல் காரிடாரில் மேலும் கீழும் நடக்கிறாள். மூலையைப் பார்க்கிறாள், குனிகிறாள், போகிறாள். கிருபாகரன் போனதும் எல்லோருக்கும் குளிர் விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் 14, புதன்

இன்றும் அதே உலாத்தல். "பெருக்கற வேலய உட்டுட்டு இங்க என்ன நட பழகறீங்க?" என்றேன்.

"ஒருக்காப் பாத்துட்டுப் போலாம்னுதானுங்க, மேடம்."

"என்னத்தப் பாக்கறீங்க?"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேன்டீனில் பாத்திரம் கழுவ மாற்றிவிட்டேன். சுவரில் அந்தப் பழைய அறிவிப்பு அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் கிழிக்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சான்றிதழ் வந்துவிட்டது. கண்ணாடிக் கேடயம், மாற்றுத்திறனாளிகளை மதிக்கும் நிறுவனம் என்று பொறித்திருக்கிறது. "எல்லாரு கண்ணுலயும் படற எடமா வைங்க" என்றார் எம்.டி. தேக்கில் ஒரு ஸ்டாண்ட் செய்யக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எங்கே வைப்பது என்று மைதிலி பார்த்துக்கொள்வாள்.

செப்டம்பர் 12-ஆம் தேதி பையர் வருகிறார். ஜெனரல் மேனேஜர் அறிவிப்பு அதற்கு மறுநாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கொடிசியா கண்காட்சிக்குப் போகிற பம்பு பெட்டிகளைக் காரிடாரில் இரண்டு பக்கமும் அடுக்கிவிட்டார்கள். ஸ்டேஷனரிப் பெட்டி, உடைந்த நாற்காலி, யாரோ ஒருவருடைய ஹெல்மெட். பதினொன்றாவது அடியில் முழங்கால் இடித்தது. பத்தொன்பதில் சேலை மாட்டியது. எண்ணிக்கை விட்டுப்போய் நடுவில் நின்றுவிட்டேன். போன் பேசுவது மாதிரி காதில் வைத்துக்கொண்டு, யாராவது போகும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.

மைதிலியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன்.

"கண்காட்சி வரைக்கும்தானுங்க, மேடம். இப்பக் கிருபாண்ணனும் இல்ல. யாருக்காக எடுக்கோணும்?"

கேட்டதில் விஷமம் இல்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்காக என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். "சும்மாதான் சொன்னேன், விடு" என்றேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் எல்லோருக்கும் முன்னால் ஏழரைக்கு வந்து நானே ஒவ்வொரு பெட்டியாகக் கையால் தடவி இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன். ஒன்பது மணிக்குள் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போகட்டும்.

செப்டம்பர் 12, வியாழன்

பையர் பத்து மணிக்கு வந்தார். நல்ல உயரம். எம்.டி. அறிமுகம் செய்தபோது அவர் கை நீட்டினாராம். நான் அவர் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேனாம். இது பிறகு எம்.டி. சொல்லித்தான் தெரியும்.

காலையிலேயே காரிடாரைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். பெட்டிகள் இல்லை. வரும்போதே கவனித்து, பெருமூச்சு விட்டேன். பதினொன்றரைக்கு அவர்களை என் அறைக்கு அழைத்துப் போக வேண்டும். நான் முன்னால் நடந்தேன். பழைய நடை, பழைய வேகம், முதுகு நேராக. பின்னால் எம்.டி., பையர், மைதிலி, இன்னும் ஏழெட்டுப் பேர். நம் நிறுவனத்தில் ஒவ்வொருவரையும் குடும்பத்தில் ஒருவராக மதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போனேன். இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு.

திருப்பத்தில் தேக்கு ஸ்டாண்ட். பத்தரை மணிக்குத்தான் தச்சர் கொண்டுவந்து வைத்தாராம். இடுப்பு உயரம், மேலே கேடயம், அதற்கு மேலே இரண்டு விளக்கு எரிகிறது. கம்பெனியிலேயே எல்லோர் கண்ணிலும் படுகிற இடம். நான் வலது கையைச் சுவர் முனைக்காக நீட்டினேன். கேடயத்தின் மேல் பட்டது. அதுவும் நானும் ஸ்டாண்டும் ஒன்றாக விழுந்தோம்.

யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் எழுந்து திட்டியிருப்பேன். உள்ளங்கையில் கண்ணாடி குத்தியிருந்தது. தரையைத் தடவினேன், செருப்பு ஒன்று கிடைத்தது, இன்னொன்று கிடைக்கவில்லை. அப்போது மைதிலி என் எதிரே வந்து குந்தினாள்.

"மேடம், நான் மைதிலி. உங்க வலது பக்கம் வர்றேன். என் முழங்கையப் புடிச்சுக்கங்க."

அவள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நேரே பார்த்தால் எனக்கு எல்லாமே தெரியும், பக்கத்திலும் கீழேயும் இருப்பதுதான் தெரியாது. மூக்குத்திக் கல்லில் விளக்கு மின்னியதுகூடத் தெரிந்தது. மூன்று வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறவள் தன் பெயரைச் சொல்லி என்னிடம் அறிமுகம் செய்துகொண்டாள்.

"எனக்குக் கண்ணு தெரியுது" என்றேன்.

"சரிங்க, மேடம்" என்று முழங்கையை நீட்டியபடியே இருந்தாள்.

பின்னால் அக்கவுன்ட்ஸ் பெண் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. பாவம் என்றாள். பயிற்சியில் அந்த ஒரு பாடத்தை மட்டும் அவள் மறந்துவிட்டாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

ஜெனரல் மேனேஜர் அறிவிப்பு வந்தது. பர்சேஸ் மேனேஜர்.

எம்.டி. அன்பாகத்தான் பேசினார். கண் டாக்டரிடம் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள் என்றார். "நீங்களே எழுதுன ரூல்தானே, ரேணுகா. நானா எப்படி மாத்தறது?" உட்கார்ந்து செய்கிற வேலைதானே சார் என்றேன். படிக்கிறேன், எழுதுகிறேன், எல்லாம் முடியும் என்றேன். கிருபாவும் உட்கார்ந்துதானே வேலை பார்த்தார் என்றார்.

கையில் ஆறு தையல். மத்தியானம் கேன்டீனில் துளசியம்மா சாப்பாட்டைக் கொண்டுவந்து நேரே முன்னால் வைத்தாள்.

"அன்னிக்குக் காரிடார்ல என்னத்தப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"கிருபாத் தம்பி சொல்லீட்டுப் போச்சுங்க. மேடம் வர்றதுக்குள்ள தெனமும் ஒருக்கா நடந்து பாத்துருங்க, கீழ எதும் கெடக்கக்கூடாதுன்னு. ஏன்னு சொல்லலீங்க. நானும் கேக்கலீங்க."

தட்டில் சாம்பார் சாதம் இருந்தது. அதைச் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

டாக்டரின் தாள் போயிற்று, பதில் கடிதம் வந்தது. மைதிலி கொண்டுவந்தாள். என்னால் படிக்க முடியும், அதனால் நானே படித்தேன். என் வாக்கியம். 'எவரும்' அதே இடத்தில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. பழைய ஃபைலைத் திறந்து பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கேசரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்படியும் போட்டார்கள். சால்வை புது ஜெனரல் மேனேஜர் போட்டார்.

மைதிலி வாசல்வரை வந்தாள். முழங்கையைக் கொடுத்தாள். முதலில் நான் பிடித்துக்கொள்ளவில்லை. காரிடாரில் கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த பெட்டிகள் இருந்தன. பிடித்துக்கொண்டேன். சரியாக அரை அடி முன்னால் நடந்தாள். இழுக்கவில்லை. "மூணு படி எறங்குதுங்க, மேடம்" என்று முன்கூட்டியே சொன்னாள். ஆட்டோ கதவில் என் கையை எடுத்து வைக்காமல், தன் கையைக் கதவில் வைத்து அதன் வழியாக என் கை போகும்படி காட்டினாள். அன்று பிரீத்தா ஒரே ஒரு தடவைதான் இதைச் செய்து காட்டினாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது பார்த்தாள் என்று தெரியவில்லை.

பத்துக்கு மூன்று.

செப்டம்பர் 30, திங்கள்

நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். சமையல்கட்டுக்குப் பக்கத்தில் போடவில்லை. பத்து நாளாக ஆள் யாரும் வரவில்லை, போனும் வரவில்லை. ஹாட்பாக்ஸில் காலையில் செய்த இட்லி இருக்கிறது. சூடு நன்றாக நிற்கிறது.

கோல் பிடித்து நடக்கச் சொல்லித் தருகிறவர் ஒருவர் இருக்கிறாரே, கிருபாகரன் அவர்கள் படித்த பள்ளிக்கூடத்துக்காரர், அவர் நம்பர் வேண்டும். அதற்கு முதலில் கிருபாகரன் அவர்களுடைய நம்பர் வேண்டும். பதினோரு வருஷம் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரையும் கொடுத்தவர். அவர் நம்பரை நான் ஒரு நாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எப்போது போனை எடுத்தாலும் அவர்தானே இருப்பார்.

கம்பெனியில் கேட்டால் தெரியும் என்று கூப்பிட்டேன்.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்றது என் குரல். நல்ல குரல்தான். விற்பனைக்கு ஒன்று, சர்வீஸுக்கு இரண்டு. மற்ற விவரங்களுக்குத் தயவுசெய்து காத்திருக்கவும் என்று மரியாதையாகச் சொன்னது.

காத்திருந்தேன். பாட்டு ஓடியது. நடுநடுவே நான் வந்து காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். லைனில் யாரும் இல்லை.